மழைத் தெய்வமும் மானாவாரி நிலமும்: பண்டைச் செமித்தியரின் பஃல் வழிபாடு பற்றிய ஒரு நோக்கு

தெய்வங்கள் பற்றிய கருத்துக்களை, அவற்றைப் போற்றிய மக்களின் உற்பத்தி வாழ்வினின்றும் பிரித்து விளங்கிக்கொள்ளுதல் அரிது. பண்டைச் செமித்தியரின் புயல், வளத் தெய்வங்கள் இதற்குத் தக்க சான்றாகும். செமித்தியர் என்னுஞ் சொல் ஈண்டு ஓர் இனத்தைக் குறிப்பதன்று; அக்காதியம், உகரித்தியம், எபிரேயம், அரமேயம், அறபு முதலிய உறவு மொழிகளைப் பேசிய மக்களையே சுட்டும். வயலும் கடலும் அடுத்தமைந்த நிந்தவூர் போன்ற ஊரினர்க்கு இப்பொருள் தொலைதூரப் பழங்கதை அன்று. அத்தெய்வங்களுள் தலையாய ஒன்றன் பெயர், அவர்கள் பின்பற்றும் ஸகாத் விதிகளின் மூலநூல்களிலே ஒருவகை நிலத்தின் பெயராக நிலைத்துள்ளது. தெய்வத்தின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றானமை எங்ஙனம் என்பதை நோக்குவோம்.

எகிப்தின் வேளாண்மை நைல் நதியின் வெள்ளத்தையும், தென் மெசப்பொத்தேமியாவின் வேளாண்மை ஆற்று வாய்க்கால்களையும் சார்ந்திருந்தன. சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் தானியச் செய்கையோ பெரும்பாலும் குளிர்கால மழையையே நம்பியது. மழை பிந்தின் விதைப்புப் பிந்தும். பொய்ப்பின் பஞ்சம் வரும். எனவே இங்கு இடிக்கும் மழைக்கும் உரிய தெய்வம் முதன்மை பெற்றது. அக்காதியர் அதாத் என்றும், அரமேயர் ஹதாத் என்றும் அதனை அழைத்தனர். 'உடையவன்', 'தலைவன்', 'கணவன்' எனப் பொருள்படும் பஃல் என்பது அதன் பட்டப்பெயராகும். தமிழ் விவிலியம் இதனைப் பாகால் என வழங்கும்.

1928இல் சிரியக் கரையில் உழவர் ஒருவரின் ஏர் பழைய கல்லறையொன்றில் தட்டியது. 1929இல் தொடங்கிய அகழ்வு உகரித் நகரையும், ஏறத்தாழக் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடுகளையும் வெளிப்படுத்தியது. அவை கூறும் கதையில் பஃல் முதலிற் கடலாகிய யம்மை வெல்கிறான். பின்னர்ச் சாவாகிய மொத்தினால் விழுங்கப்படுகிறான். அனாத் என்னும் தேவி மொத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், தூற்றுகிறாள், தீயிலிடுகிறாள், திரிகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். அதன்பின் பஃல் மீள்கிறான்.

இதனை ஆண்டுதோறும் இறந்தெழும் தெய்வத்தின் கதையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மொத்து மீண்டும் போருக்கு வருவது ஏழாம் ஆண்டிலென ஏடு கூறும். பருவ மாற்றத்தினும் பெரிதாகப் பல்லாண்டு வறட்சி பற்றிய அச்சமே இங்குத் தொனிக்கிறது எனலாம். பிறிதொன்றும் கருதத்தக்கது. தூற்றல், அரைத்தல், விதைத்தல் என்பன உழவரின் அன்றாடத் தொழில்கள். தலைமைக் குருவின் மனையிற் கிடைத்த இவ்வேடுகளில் உழைப்பு இடம்பெறுகின்றது. ஆயின் உழைப்பவனின் இடத்திலே தேவி நிற்கிறாள்.

புயல் வளமும் தரும், அழிவும் தரும். பெரும்போகத்திற்கு நீர்தரும் வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்திலேயே 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கிழக்குக் கரையைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருட் புகுந்தது. பஃலுக்குக் கடலும் சாவும் பகைவராய் அமைந்தமையை இக்கரையினர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓரிறைக் கொள்கை இவ்வழிபாட்டை எதிர்த்தது. விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி பாகாலின் தீர்க்கதரிசிகளோடு வாதிடுவது நீண்ட வறட்சியின் பின்னணியிலேயே ஆகும். மழை யாருக்குரியது என்பதே அங்கு வினா. இல்யாஸ் நபி பஃலை அழைப்போரைக் கண்டித்தமையைக் குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் குறிப்பிடும். வழிபாடு ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல், மழையால் விளையும் வயலைப் பஃலின் இடமென வழங்கும். அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பிலும், பாய்ச்சாமலே விளையும் நிலம் பஃல் எனப்படுகின்றது. பாலஸ்தீன உழவர் இன்றும் மானாவாரி விளைச்சலைப் பஃலீ என்பர். பஃல் உடைமை கொண்ட நிலம் என்ற பொருளே காலப்போக்கில் இவ்வாறு சுருங்கியதென ஆய்வாளர் கருதுவர்.

அவ்விதியின் உள்ளடக்கம் நம் கவனத்திற்குரியது. வானமும் ஊற்றும் நீர்தந்த விளைவில் பத்திலொரு பங்கு ஸகாத். இறைத்துப் பாய்ச்சிய விளைவில் இருபதிலொரு பங்கு. நீருக்காகச் செலவிட்ட உழைப்பு இங்குக் கணக்கிற் கொள்ளப்பட்டுக் கடமை பாதியாகின்றது. உகரித் ஏட்டிலே தேவியின் செயலாய் மறைந்திருந்த உழவுத் தொழில், இங்கு உழவனின் உழைப்பாகவே மதிப்பிடப்படுகின்றது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், பின்வந்த நீரிறைக்கும் இயந்திரமும் இப்பிரதேசத்தின் நீருறவை மாற்றியுள்ளன. குளத்து நீர், வாய்க்கால் நீர், மழை நீர் என வயல்களைப் பகுத்து நம் உழவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து ஆராய்தல் வேண்டும். தெய்வம் மறைந்த பின்னரும் நிலத்தின் வரலாற்றைக் காத்துநிற்பவை அத்தகைய சொற்களேயாம்.