கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

மட்டக்களப்பு மக்களுக்குக் கச்சான் காற்றை எவரும் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. கோடை மாதங்களில் மேற்கிலிருந்து எழுந்து, வயலையும் வாவிக்கரையையும் வறுத்தெடுக்கும் காற்று அது. அது வீசத் தொடங்கினால் நாவுலரும்; கண்ணெரியும்; குளங்கள் வற்றும். அக்காற்றை வைதே வளர்ந்தவன் நான். அதனை எதிர்பார்த்திருக்கும் ஓர் ஊரும் இந்நாட்டில் உண்டென்பதை, ஐம்பது வயதைக் கடந்த பின்னர், நண்பர்களோடு சென்ற ஒரு பயணத்திலேதான் கண்டுகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நால்வர் ஊவா மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். ஒருவர் பூகோள ஆசிரியர், ஒருவர் தபாலதிபராயிருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் வேளாண்மை செய்பவர், நான்காமவன் நான். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகச் செல்லும் வீதி எங்களைப் பதுளையிற் சேர்த்தது. அங்கிருந்து புகைவண்டி. தெமோதரையிலே தண்டவாளம் ஒரு சுரங்கத்தினுள் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அச்சுரங்கத்தின் மேலேயே அமைந்த நிலையத்தை அடைகின்றது. ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ள அப்புத்தளையில் நாங்கள் இறங்கியபோது, எங்களை வரவேற்றது அதே கச்சான்தான்! ஆனால் இங்கே அது குளிர்ந்திருந்தது.

பூகோள ஆசிரியர் காரணத்தை விளக்கினார். தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே மழையாகப் பொழிந்துவிடுகின்றது. மலைமுகட்டைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது அது வெறுங்காற்று. நம்முடைய சமவெளிக்கு வருமுன் மேலும் வெப்பமடைகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை, பகலில் இவ்வுலர்ந்த காற்றும் இரவிற் குளிரும் மாறிமாறித் தாக்குவதால், தேயிலைக் கொழுந்து மெல்லவே வளர்கின்றது. விளைச்சல் குறையும், வாசனையோ மிகும். ஊவாத் தேயிலையின் புகழுக்குக் காரணம் இதுவே. நம் வயலைக் காய்ச்சும் காற்றுத்தான் அவர்களுடைய கொழுந்துக்கு மணம் ஊட்டுகின்றது.

மறுநாட் காலை ஒரு தோட்டத்தைப் பார்க்கச் சென்றோம். தூரத்தே பச்சைக் கம்பளமாகத் தோன்றிய மலை, அருகே சென்றதும் வேறாகத் தெரிந்தது. தேயிலை இயல்பிலே செடியன்று; தன்போக்கில் விட்டால் முப்பது அடிக்கு வளரும் மரம். சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, ஏறத்தாழ வாரந்தோறும் கொழுந்து பறித்து, இடுப்பளவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு முழுவதும் மனிதக் கைகளின் வேலை.

படங்கைச் சுற்றிக்கட்டிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவர் விரல்கள் ஒடித்த வேகத்தை எங்கள் கண்களாற் பின்தொடர இயலவில்லை. குறித்த நிறை வராவிட்டால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிக்கூலிதான் என்று அவர் சொன்னார். நாங்கள் இருவர் ஆசிரியர் என்பதை அறிந்ததும், கையை நிறுத்தாமலே கேட்டார்:

“எம் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்குது ஐயா. தேயிலையப் பத்திப் பாடம் இருக்குன்னு சொல்லுச்சு. அதுல நாங்க வாறோமா?”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். தேயிலை பற்றி எத்தனையோ ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். உயரம், மழைவீழ்ச்சி, ஏற்றுமதி எல்லாம் சொல்லியிருக்கிறேன். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஏக்கர்களில் நின்றவர் எவரென்று சொன்னதில்லை. “இனி வருவீர்கள், அம்மா” என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை.

பின்னர் தொழிற்சாலையையும் பார்த்தோம். கொழுந்தைக் காற்றில் வாட்டி, உருளைப் பொறியிற் கசக்கி, செம்பு நிறம் வரும்வரை காற்றாட வைத்து, வெப்பத்தில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். நான்கு கிலோவுக்கு மேற்பட்ட கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகின்றது. அந்த மணத்தின் நடுவிலே நின்றபோதும் மூதாட்டியின் வினாவே என் நெஞ்சில் நின்றது.

நேயர்களே, இப்போது அந்தப் பாடத்தை நான் இவ்வாறு நடத்துகிறேன். கோப்பிக் காலந்தொட்டே தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இம்மக்களின் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. கொழுந்து பறித்த கைகளுக்கு ‘இது உன் நாடு’ என்று சொல்ல நமக்கு அத்தனை காலம் வேண்டியிருந்தது.

மலைநாட்டைக் காணச் செல்லுங்கள், நண்பர்களோடு செல்லுங்கள். அருவியையும் முகிலையும் கண்டு மகிழுங்கள். ஆனால் மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்பவரையும் ஒரு வார்த்தை விசாரித்து வாருங்கள். ஊரில் கச்சான் எழும்போதெல்லாம் நான் முன்போல அதனை வைவதில்லை. மலையைக் கடந்து வரும் அக்காற்று, நான் கொடுத்த வாக்கை எனக்கு நினைவூட்டிச் செல்கின்றது.