பூனையும் நெற்சாக்கும்

எலியை அடக்குவதற்காக நீங்கள் வளர்க்கும் பூனை, சில வேளைகளில் நெற்சாக்கின் மேலும் நாற்றுமேடையிலும் சிறுநீர் கழிப்பதுண்டு. அதனை அடிப்பதாற் பயனில்லை; அடிபட்ட பூனை வேறு மறைவிடந் தேடிக் கழிக்குமேயன்றித் திருந்தாது.

தோண்டி மூடக்கூடிய உலர்ந்த, இளகிய மண்ணையே பூனை நாடும். புதிதாகப் பண்படுத்திய கத்தரி மேடை அதற்கு மிக உவப்பான இடமாகும். ஆகவே மேடையின்மேல் முட்கிளைகளைப் பரப்பி வைக்குக. களஞ்சியத்துக்குப் புறத்தே, சந்தடியற்ற மூலையில், 3 அங்குல ஆழத்துக்கு உலர்மணல் இட்ட பெட்டியொன்றை வைத்து, கழிவை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும். அழுக்கடைந்த பெட்டியைப் பூனை அணுகாது. கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்தலாகாது. பூனை மலத்தில் இருக்கக்கூடிய ஒருவகை நோய்க்கிருமி வயிற்றுச் சிசுவைத் தாக்கும்.

நனைந்த நெல்லை ஏனைய நெல்லோடு கலவாது பிரித்தெடுத்து, சாக்கைச் சவர்க்கார நீரிற் கழுவி வெயிலிற் காயவிடுக. மணம் எஞ்சியிருப்பின் பூனை அவ்விடத்துக்கே மீளும்.

கடுவன் பூனை நின்றபடி சுவரிற் பீச்சுவது வேறு. அது தன் எல்லையைக் குறிப்பதாகும். மிருக வைத்தியரைக் கொண்டு விதை நீக்குவித்தால் இப்பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால், கடுவன் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வெளிவராவிடின், சிறுநீர்வழி அடைபட்டிருத்தல் கூடும். கைமருந்து கொடுத்துக் காலம் போக்கற்க. ஓரிரு நாளில் அது இறக்கவுங் கூடுமாதலால், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுக.