கடைத்தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

நமது சங்க உறுப்பினர்கள் பலர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். அநேகமாக அதில் ஆஸ்கரோ, ஏஞ்சலோ, ஃப்ளவர்ஹார்னோ இருக்கும். மூன்றும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பம். நாம் அறிந்த ஜிலேபி மீனும், கேரளத்துக் கரிமீனும்கூட இக்குடும்பத்தவைதான். இவை தொட்டியில் தமக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டு, அங்கே வரும் மற்ற மீனை விரட்டும். முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் சமயத்தில் இன்னும் மூர்க்கமாகும். இதை அறியாமல், பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று நாலு தினுசு மீன்களை ஒன்றாகப் போட்டுவிட்டு, "நேற்று பத்து இருந்தது, இன்று ஏழுதான் இருக்கிறது" என்று வருந்திப் பயனில்லை. பணமும் நஷ்டம், உயிரும் நஷ்டம்.

ஆஸ்கரை எடுத்துக்கொள்வோம். சென்னை கொளத்தூர் கடைகளில் இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கி வருகிறோம். நன்றாக வளர்ந்தால் ஓரடி வரும். அதன் வாய்க்குள் நுழையும் மீன் எல்லாமே அதற்கு இரைதான். ஆகவே கப்பி, மோலி, நியான் டெட்ரா கூடவே கூடாது. தங்கமீனும் வேண்டாம், அது குளிர்ந்த நீரை விரும்புவது, வேகமாக நீந்தித் தப்பவும் தெரியாதது. சில்வர் டாலர் ஐந்தாறு சேர்த்து விடலாம். அதுவும் ஆஸ்கரைப் போலத் தென் அமெரிக்க மீன். தட்டையான அகன்ற உடம்பு, கூட்டமாகத் திரியும். குஞ்சாக வாங்காமல், ஆஸ்கரின் வாயில் அடங்காத அளவில் பார்த்து வாங்கவும். அடித்தரைக்குச் சக்கர் மீன் ஒன்று போதும். அதுவும் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. இடம் போதவில்லையென்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். உள்ளூர் மீன்களுக்குப் பெரும் இடைஞ்சல். இவ்வளவுக்கும் தொட்டி ஐந்தடி நீளமாவது வேண்டும். இரண்டடித் தொட்டியில் ஆஸ்கர் வளர்ப்பது பாவம் என்பது என் கருத்து.

ஏஞ்சல் ஓரளவு சாது. கோரிடோராஸ், பேர்ல் கௌராமி இதனோடு ஒத்துப்போகும். டைகர் பார்ப் சேர்த்தால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் குதறிவிடும். நியானை, வளர்ந்த ஏஞ்சல் இரவில் விழுங்கும்.

வண்ண வண்ணமாக வரும் ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன்கள் தனி ரகம். அவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடினநீர் தேவை. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இவை தோதானவை. ஆஸ்கரோடும் ஏஞ்சலோடும் கலக்க வேண்டாம். இரண்டு மூன்று மட்டும் வைத்தால் பலமானது இளைத்ததை அடித்தே கொன்றுவிடும். நாலடித் தொட்டியில் பதினைந்து வரை விட்டு, ஒளிந்துகொள்ளக் கற்களை நிறைய அடுக்கினால், அடி ஒன்றின்மேலேயே விழாமல் பரவிப்போகும். துணைக்கு ஆப்பிரிக்காவின் சைனோடான்டிஸ் கெளுத்தி விடலாம்.

ஃப்ளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம். வியாபாரம் பெருகுமென்று வாங்குவோர் உண்டு. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் அதற்குக் கூட்டாளி தேடாதீர்கள், தனியாகவே இருக்கட்டும்.

புதிய மீனை விடும்போது கற்களை இடம் மாற்றி அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்த பின் விடவும். பழைய மீனுக்குத் தன் இடம் எதுவென்று குழம்பிவிடும். புதிதாக வந்தது அன்றிரவு அடி வாங்காமல் தப்பும். மறுநாள் காலை கடை திறந்ததும் துடுப்புகள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.