தாலியும் குங்கிலியமும்

சம்பளம் வந்த அன்றே வாடகைக்கு ஒரு பங்கு, கடனுக்கு ஒரு பங்கு, மளிகைக்கு ஒரு பங்கு என்று பிரிந்து போய்விடுகிறது. புதுக் குடித்தனம் வைத்த இளம் தம்பதிக்கு இருபதாம் தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது. இந்த நிலையில் சாமிக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பதா, வேண்டாமா? பல வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் மனஸ்தாபத்தை உண்டாக்கும் கேள்வி இது.

இதைக் கேட்பதற்குத் திருவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கருமாரியம்மன் சந்நிதியில் வேண்டுதலோடு நிற்கும் பெண்களின் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே ஊரில் திருஞானசம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலும் இருக்கிறது. அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இதுதான்.

நாயனார் தினந்தோறும் சிவனடியார்களுக்கு அமுதளித்த பிறகே தாம் உண்பவர். கொடுத்துக் கொடுத்துச் சொத்தெல்லாம் கரைந்தது. விற்பதற்கும் ஒன்றுமில்லை. அப்போது அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை சூதாட்டம்! ஊர் ஊராகப் போய், கும்பகோணம் வரை சென்று ஆடினார். ஜயித்த பணத்தைத் தம் கையால்கூடத் தொடவில்லை. சமையல்காரர்களே எடுத்து அடியார்களுக்குச் சமைத்தார்கள். நாயனார் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். கார்த்திகை மூலத்தன்று அவருக்குக் குருபூஜை நடக்கிறது. (கைப்பேசியில் சீட்டாடும் கணவன்மார்கள் இந்தக் கதையைச் சாக்காகக் கொண்டு வரவேண்டாம். நாயனார் தமக்கென்று ஒரு காசு எடுக்கவில்லை!)

மூர்க்கர் கதையில் இல்லாத ஒருத்தியைப் பற்றித்தான் நமக்கு இப்போது கவலை. அவள் மனைவி.

பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். வரவு செலவு தெரிந்த மனிதர். திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் கதையில் அவர் ஒரு மனைவியைக் காட்டுகிறார். வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாளாகிறது. குழந்தைகள் பசியால் வாடுகிறார்கள். அந்த அம்மாள் தன் தாலியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொல்லுகிறாள். வழியில் ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோடு வருகிறான். கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக் கோயிலில் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறார்!

படிக்கிற பெண்களுக்குப் பகீரென்கிறதல்லவா? ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அன்றிரவு செல்வம் வந்து நிறைந்தது அவருடைய வீட்டில். இறைவன் முதலில் கனவில் வந்து சொன்னது பசியோடு படுத்திருந்த மனைவியிடம். பிறகுதான் கலயரிடம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்கிறார். அருள் முதலில் தேடி வந்தது தாலியைக் கொடுத்தவளைத்தான்.

இளையான்குடி மாறனார் வீட்டில் வேறு மாதிரி. நள்ளிரவு, மழை; பசித்த விருந்தாளி வாசலில். அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று யோசனை சொன்னவளே மனைவிதான். விறகுக்குக் கூரை வரிச்சை அறுத்துக் கொடுத்தார் கணவர். ஒரே கீரையைப் பலவிதமாகச் சமைத்தாள் அவள். கஷ்டம் பெரிது, ஆனால் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

அப்படியானால் சாதாரண மனிதர்களான நமக்கு அளவு என்ன? கிறிஸ்தவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகம் என்கிறார்கள். முஸ்லிம்களின் ஜகாத், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையிலிருந்த செல்வத்தில் 2.5 சதவீதம், அந்த அளவை எட்டாத ஏழைக்கு அந்தக் கடமை இல்லை. வள்ளுவரோ இல்லறத்தானின் கடமைகளை ஐந்தாகச் சொல்லுகிறார்: முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், ஐந்தாவது தான். உரை எழுதிய பரிமேலழகர், வருமானத்தில் ஆறில் ஒன்று அரசனுக்குப் போக, மீதி ஐந்தும் இந்த ஐவருக்கு என்று விளக்குகிறார். தெய்வத்துக்குப் பங்கு உண்டு. நமக்கும் நம் குழந்தையின் பாலுக்கும் அதேபோல் பங்கு உண்டு!

ஆகவே, இளம் தம்பதிகளே, கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தாதீர்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் உண்டியலில் போடாதீர்கள். ஒன்று கொடுத்தால் பத்தாகத் திரும்பும் என்று யாராவது சொன்னால், அது வியாபாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கலயர் குபேரனை எதிர்பார்த்துக் குங்கிலியம் வாங்கவில்லை.

ஒன்றுமே முடியவில்லையா? காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் இருக்கிறது. தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தால் போதும். பலர் வீட்டுப் பிடி சேர்ந்து கோயிலில் பசித்தவருக்குச் சோறாகும். அந்த ஒரு பிடியால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்காது. அதை எடுக்கிற கையும் பெரும்பாலும் பெண்ணின் கைதான். தாலியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.