சுத்தியலா, ஜாக்கியா? ராக்கெட்டைத் தாங்களே செய்பவர்கள் எங்கே செலவழிக்கிறார்கள், எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

தீபாவளி வந்தால் நாம் பட்டாசு வாங்குகிறோம். ஜூலை 4 வந்தால் அமெரிக்கர்களும் வாங்குகிறார்கள். ஆனால், அங்கே ஒரு சின்னக் கூட்டம் பட்டாசுக் கடைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அட்டைக்குழாயை வெட்டுவது முதல் வானில் விரியும் கடைசி நட்சத்திரம் வரை எல்லாவற்றையும் தன் கையால் செய்து, அதைப் பற்றவைத்து, அண்ணாந்து பார்ப்பதுதான் இவர்களுக்கு வேடிக்கை. விற்பதற்காக அல்ல. சிலருக்கு மீன்பிடிப்பு, சிலருக்கு மரவேலை, இவர்களுக்கு இது.

1969-ல் தொடங்கப்பட்ட 'பைரோடெக்னிக்ஸ் கில்ட் இன்டர்நேஷனல்' என்ற சங்கம் இவர்களுக்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில், ஒரு வாரம் மாநாடு நடக்கும். பகலில் வகுப்புகள், கருவிக் கடைகள், போட்டிகள். இரவில் வானம் இவர்களுடையது.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எந்தக் கருவியை வாங்குவது? குறைந்த செலவில் முடியுமா?" கேள்வி சாதாரணமானது. ஆனால், தப்பான பதிலுக்கு விலை பணத்தோடு முடியாமல் போகலாம். விரல் போகும். கண் போகும்.

இது அமெரிக்கக் கதை என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வது குற்றம். பொழுதுபோக்கு, அறிவியல் ஆர்வம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் நம் தெருப் பையன்களின் பழைய வழக்கமும் இதில்தான் சேரும்.

புட்டுக்குழல் கணக்கு

கருவிப்பெட்டியில் முதலில் வருவது ராக்கெட் செட். பார்த்தால் ரொம்ப எளிமையான சாமான். ஓர் அடிப்பீடம், அதன் நடுவில் மேலே போகப் போகக் கூர்மையாகும் ஒரு கம்பி. அந்தக் கம்பியின் மேல் அட்டைக்குழாயைச் செருகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு குத்துக்கோலால் இறுக்குவார்கள். குத்துக்கோல்கள் மூன்று நான்கு இருக்கும். கீழே பயன்படுத்துவதில் கம்பி நுழைய ஆழமான துளை, அடுத்ததில் கொஞ்சம் குறைந்த துளை, கடைசிக் கோலில் துளையே கிடையாது.

நம் வீட்டுப் புட்டுக்குழலை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், புட்டு மாவை இறுக்கினால் புட்டு கெட்டுவிடும். இங்கே இறுக்கம்தான் எல்லாமே. குழாயை உருவி எடுத்தால் மருந்தின் நடுவில் கம்பியின் வடிவத்திலேயே ஒரு பள்ளம் நிற்கும். தீ அந்தப் பள்ளத்தின் சுவர் முழுக்க ஒரே நேரத்தில் பற்றுவதால்தான் ராக்கெட்டுக்கு மேலே கிளம்பும் வேகம் கிடைக்கிறது. இறுக்கம் குறைந்து எங்காவது விரிசல் விட்டிருந்தால் தீ அதற்குள்ளும் பாயும். அப்புறம் ராக்கெட் மேலே போகாது, தரையிலேயே வெடிக்கும்.

செலவு இங்கேதான் தொடங்குகிறது. மருந்தின் வேகத்துக்கு ஏற்றபடி கம்பியின் நீளமும் பருமனும் மாற வேண்டும். மெதுவாக எரியும் மருந்துக்கு நீளக் கம்பி, வேகமாக எரிவதற்குக் குட்டைக் கம்பி. ஆக, ஒவ்வொரு வகைக்கும் ஒரு செட், அதுவும் ஒவ்வொரு குழாய் அளவுக்கும் தனித்தனி செட் என்று போனால் ஒரு சின்ன லேத் பட்டறையையே விலைக்கு வாங்கியதுபோல் ஆகிவிடும். அதனால்தான் 'யுனிவர்சல்' செட் என்று ஒன்று வந்தது. நடுத்தரமான கம்பி, பல வகை மருந்துக்கும் ஓரளவு ஒத்துப்போகும். எதிலும் முதல் பரிசு வாங்காது, எதிலும் பெரிதாகத் தோற்காது. பழைய கைகள் புதியவர்களுக்குச் சொல்வதும் அதையேதான். ஒரே ஓர் அளவை எடு, ஒரே ஒரு செட் வாங்கு, அதில் கை படியும்வரை இரண்டாவதைத் தொடாதே.

அந்த அளவுகளின் பெயர் கொஞ்சம் குழப்பும். முக்கால் அங்குலத் துளையுள்ள குழாயை 'ஒரு பவுண்டு ராக்கெட்' என்பார்கள். ராக்கெட் ஒரு பவுண்டு எடை இருக்காது. ஈயக் குண்டின் எடையை வைத்துக் குழாயை அளந்த காலத்துப் பெயர் அது, ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. 'மூன்று பவுண்டு' என்பது ஓர் அங்குலத் துளை. புதியவர்கள் 'பெரிது பார்க்க நன்றாக இருக்குமே' என்று அதற்குத்தான் தாவுவார்கள். மருந்தும் அதிகம், குழாய்க்கும் காசு அதிகம், தவறினால் அடியும் அதிகம்.

பொறி விடாத உலோகம் என்று ஒன்று உண்டா?

சிவகாசி வட்டாரத்தில் விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் தவறாமல் வரும் ஒரு சொல் 'உராய்வு'. மருந்து செலுத்தும்போது உராய்வு, இரும்புக் கருவியால் உராய்வு. அங்கே பரம்பரை பரம்பரையாகக் கற்ற பாடம்தான் கடல் தாண்டிய இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் முதல் பாடம். இரும்பில் இரும்பு மோதக் கூடாது.

விலை குறைந்தது மரம். கெட்டியான மரக்கோலைத் தானே கடைந்துகொள்ளலாம். ஆனால், துளையுள்ள குத்துக்கோல் மரத்தில் அதிக நாள் தாங்காது. நார் பிரியும், ஈரத்தில் பருக்கும். அடுத்தது அலுமினியம். மலிவு, கடைவதும் சுலபம். நசுக்கி அழுத்தும் வேலைக்குத் தாராளமாகப் போதும். சுத்தியலால் அடித்தால் மட்டும் தலை காளான் மாதிரி விரிந்துவிடும். பித்தளை கனமானது, விலையும் கூட. ஆனால், அடி தாங்கும். நடுக் கம்பிக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகு போடுவது பலருடைய சமரசம். மெல்லிய அலுமினியக் கம்பி வளைந்துவிடும் என்பதால்.

அலுமினியத்தைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது தனியாகப் பொறி விடாது என்பது உண்மை. ஆனால், துருப்பிடித்த இரும்பின் மேல் வேகமாக மோதினால் துருவில் இருக்கும் ஆக்ஸிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்ளும். தண்டவாளத்தை ஒட்டவைக்கும் 'தெர்மிட்' வேலையில் நடப்பதும் இதே வினைதான். பளீரென்று வெள்ளைப் பொறி பறக்கும். பழைய இரும்பு மேஜை மேல் புது அலுமினியச் செட்டை வைத்து வேலை செய்பவர், காசையும் கொடுத்து ஆபத்தையும் வாங்கியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பிளாஸ்டிக்? கரண்டி, டப்பா, தட்டு எல்லாம் மலிவு. ஆனால், உலர்ந்த நாளில் பிளாஸ்டிக் நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று கேட்குமே, அதே சங்கதி. அதனால் பருத்திச் சட்டை, காகிதத் தட்டு, மரக்கரண்டி. இந்த மூன்றும் பிளாஸ்டிக்கைவிட மலிவு என்பது இதில் கிடைக்கும் சின்னச் சந்தோஷம்.

அடிப்பதா, அழுத்துவதா?

சாதாரணக் கருமருந்தைப் பச்சைத்தோல் சுத்தியலால் தட்டி அடைப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். செலவு ஒரு சுத்தியல், கீழே வைக்க ஒரு கனமான மரக்கட்டை. அவ்வளவுதான். இன்றும் அப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள். ஆனால், கூவிக்கொண்டே மேலேறும் விசில் ராக்கெட் இருக்கிறதே, அதன் மருந்தைச் சுத்தியலால் தொடவே கூடாது. அடி பட்டால் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு. அதை அழுத்தித்தான் அடைக்க வேண்டும், அதுவும் தடுப்புக்குப் பின்னால் நின்று.

அழுத்துவதற்கு ஹைட்ராலிக் ஜாக்கி வைத்த ஒரு பிரஸ். கார் மெக்கானிக் கடையில் பேரிங் கழற்ற வைத்திருப்பார்களே, அதன் சின்ன வடிவம். இதில் மலிவான பிரஸ்ஸே போதும். இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவதால் ராக்கெட் இரண்டு மடங்கு உயரம் போகாது. எத்தனை டன் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதும் முக்கியமில்லை. அழுத்தத்தைக் காட்டும் மானிதான் முக்கியம். மானி இல்லாத பிரஸ்ஸில் ஒரு நாள் லேசாக, ஒரு நாள் முரட்டுத்தனமாக என்று அழுத்துவோம். பத்து ராக்கெட்டில் ஏழு போகும், மூன்று வெடிக்கும். ஏன் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அளவுக்கு மீறி அழுத்தினால் அட்டைக்குழாய் சுருங்கி மடிந்துவிடும் என்பது வேறு. சில குழாய்களுக்கு வெளியே ஒரு பிளவு உறை போட்டுக் கவ்விப் பிடிப்பது அதனால்தான்.

தடுப்பு என்று சொன்னோம். ஹார்டுவேர் கடையில் கண்ணாடிபோல இரண்டு வகைத் தகடு கிடைக்கும். அக்ரிலிக் மலிவு, பாலிகார்பனேட் விலை அதிகம். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். வெடித்தால் வித்தியாசம் தெரியும். அக்ரிலிக் கத்தி கத்தியாக உடைந்து முகத்தில் வந்து இறங்கும். பாலிகார்பனேட் வளைந்து தாங்கும். மொத்தக் கருவிப்பெட்டியிலும் சிக்கனம் பார்க்கவே கூடாத இடம் இதுதான்.

இன்னொன்று மோட்டார். அரைப்பதற்கு என்ன இருக்கிறது வீட்டில்? மிக்ஸி! எல்லோருக்கும் வரும் யோசனைதான். மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் இருக்கிறது. ஓடும்போது இருட்டில் கவனித்தால் நீலப் பொறி தெரியும். போதாததற்கு எஃகு பிளேடு சுழலும் வேகம். எரியக்கூடிய கலவையை அதில் போடுவது கையில் குண்டைப் பிடித்துக்கொள்வதற்குச் சமம். அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் முழுக்க மூடிய, பிரஷ் இல்லாத மோட்டாருக்குக் காசு கொடுக்கிறார்கள். அதையும் ஆள் இல்லாத இடத்தில் வைத்து, தூரத்திலிருந்துதான் ஸ்விட்சைப் போடுகிறார்கள். தராசு, சல்லடை, கிண்ணம் எதுவானாலும் ஒருமுறை பட்டறைக்குப் போனால் சமையலறைக்குத் திரும்பாது. பச்சை நிறம் தரும் பேரியம் உப்புகள் பல விஷம்.

யாரும் கணக்கில் சேர்க்காத செலவு

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக, விற்காமல், செய்த இடத்திலேயே கொளுத்துவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால், செய்ததை வண்டியில் ஏற்றி மாநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பர்மிட் வேண்டும். கைரேகை, பின்னணி விசாரணை, மூன்று ஆண்டுக்கு 100 டாலர். இரவு மிஞ்சியதை வைத்திருக்க விதிப்படியான பூட்டுள்ள கிடங்கு வேண்டும். அது வீட்டுக்குள் இருக்கக் கூடாது. சிறிய அளவுக்கே குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 75 அடி தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநிலச் சட்டம், ஊர்ச் சட்டம், வீட்டுக் காப்பீட்டுக்காரரின் முகச்சுளிப்பு. நெருக்கமாக வீடுகள் உள்ள பகுதியில் இருப்பவருக்குக் கருவியைவிட இடம்தான் பெரிய செலவு.

இதற்குப் பலர் கண்ட வழி, கிளப். சொந்தமாக எதையும் வாங்காமல் முதல் வருடம் கிளப் மைதானத்தில், கிளப் பிரஸ்ஸில், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்து பார்ப்பது. சந்தா கொஞ்சம்தான். வருட முடிவில் தனக்கு ராக்கெட் பிடிக்கிறதா, சக்கரம் பிடிக்கிறதா, அல்லது மற்றவர் விடுவதைப் பார்த்தால் போதுமா என்பது தெரிந்துவிடும். கடைசி ரகத்தினர் நிறையப் பேர் உண்டு. அவர்கள் மிச்சம் பிடித்ததுதான் மிக அதிகம்.

வயதானவர்கள் கைவிடும்போது செட்டுகள் பாதி விலைக்கு வரும். பித்தளைச் செட் என்றால் பத்து இருபது வருடம் ஓடியிருந்தாலும் பழுதிருக்காது. வாங்குபவர்கள் முதலில் கம்பியைத் தட்டையான இடத்தில் உருட்டி வளைவு பார்க்கிறார்கள். குத்துக்கோலின் வாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுகிறார்கள். துளைக்குள் பழைய மருந்து இறுகிக் கிடந்தால் குச்சியோ ஆணியோ விட்டுக் குடைவதில்லை. யார் எந்த மருந்தை, எப்போது அடைத்தார் என்று தெரியாது அல்லவா? செட்டை அப்படியே தண்ணீரில் மூழ்கவைத்து, ஓர் இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள்.