குதிக்கும் கால்களுக்குக் காவல் யார்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

நீளம் தாண்டும்போதும், கூடைப்பந்தை எம்பி எறியும்போதும், கைப்பந்தை வலைக்கு மேலே எழும்பி அடிக்கும்போதும் பார்ப்பவர்கள் நாம் எழும்பும் உயரத்தைக் கண்டு கைதட்டுகிறார்கள். இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஆபத்து இறங்கும்போதுதான் காத்திருக்கிறது. விளையாட்டில் மிகுதியாக நேரும் காயங்களுள் ஒன்று கணுக்கால் சுளுக்கு. அது எவ்வாறு ஏற்படுகிறது, நம் உடல் அதை எவ்வாறு தடுக்க முயல்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கணுக்காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றின் கீழ்முனைகளே கணுக்காலின் இருபுறமும் நம் கைக்குத் தட்டுப்படும் புடைப்புகள். இவ்விரண்டுக்கும் நடுவில் பாதத்தின் மேலெலும்பு கவ்வப்பட்டிருக்கிறது. எலும்பை எலும்போடு பிணைப்பவை தசைநார்கள். இவற்றைப் பேச்சு வழக்கில் ஜவ்வு என்கிறோம். உட்புறத் தசைநார் அகலமானது, உறுதியானது. வெளிப்புறத்திலோ மூன்று மெல்லிய தசைநார்களே உள்ளன. எனவே பாதம் உட்பக்கமாக மடங்கினால் வெளிப்புறத் தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில வேளைகளில் கிழிந்தும் போகின்றன. இதுவே சுளுக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த மேலெலும்பு முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் இருக்கிறது. கால்விரல்கள் கீழ்நோக்கி நீளும்போது குறுகிய பகுதி கவ்வுக்குள் வருவதால் மூட்டு தளர்ந்துவிடுகிறது. குதித்து இறங்கும்போது நம் பாதம் பெரும்பாலும் இந்த நிலையில்தான் தரையைத் தொடுகிறது. அங்கே ஒரு கல்லோ, பள்ளமோ, சக வீராங்கனையின் பாதமோ இருந்துவிட்டால் கணுக்கால் பிறழ்ந்துவிடும்.

அனிச்சைச் செயல் காப்பாற்றுமா?

சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை தானே பின்வாங்குகிறது. இதுபோல் காலிலும் அனிச்சைச் செயல் உண்டு. ஒவ்வொரு தசைக்குள்ளும் தசைக்கதிர்கள் என்னும் நுண்ணிய உணர்வுறுப்புகள் இருக்கின்றன. தசை திடீரென்று நீட்டப்பட்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தண்டுவடமே "சுருங்கு" என்று கட்டளையிடுகிறது. நீட்சியால் எழும் இச்செயலை 1924-ஆம் ஆண்டில் லிடெல், ஷெரிங்டன் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். ஷெரிங்டன் நரம்பணுக்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1932-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கும் பெரோனியஸ் தசைகளே பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பவை. பாதம் உள்ளே மடங்கியதும் அனிச்சையாகச் சுருங்கி அதை நிமிர்த்த வேண்டியவையும் இவையே. அப்படியானால் சுளுக்கு ஏன் வருகிறது?

காரணம் நேரம்! சாயும் பலகைமீது ஒருவரை நிற்கவைத்துத் திடீரென்று பலகையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தசைகள் விழித்துக்கொள்ள ஏறத்தாழ 60 முதல் 80 மில்லிசெகண்டு ஆகிறது. விழித்த தசை போதிய வலுவைத் திரட்ட இன்னும் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் உடலின் எடை முழுவதும் கணுக்காலின்மேல் இறங்கிவிடுகிறது. வீடு எரிந்தபின் தண்ணீர் வண்டி வந்ததுபோல் ஆகிறது நம் நிலை.

தரையைத் தொடுமுன்னே

ஆயினும் எத்தனையோ முறை குதிக்கிறோம். ஒவ்வொரு முறையும் சுளுக்கிக்கொள்வதில்லையே! இதற்கான விடைக்கு 1971-இல் கனடா நாட்டு மான்ட்ரியலில் மெல்வில் ஜோன்ஸ், வாட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உதவியது. படியிலிருந்து இறங்குபவரின் கெண்டைக்கால் தசை, பாதம் தரையைத் தொடுவதற்குப் பத்தில் ஒரு நொடிக்கும் முன்னதாகவே இயங்கத் தொடங்குவதை அவர்கள் கண்டார்கள். அதாவது தரை எப்போது வரும் என்று மூளை கணக்கிட்டு, தசைகளை முன்கூட்டியே இறுக்கி வைக்கிறது.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது, இல்லாத கடைசிப் படியை இருப்பதாக எண்ணிக் காலை வைத்தால் உடம்பே அதிர்கிறதல்லவா? மூளையின் கணக்கு தவறியதே அதற்குக் காரணம்.

நாம் பௌதிகத்தில் படித்த சூத்திரத்தின்படி, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. முன்னேற்பாட்டுக்கு இந்தக் கால் நொடி போதும். ஆனால் களைத்த கால்களும், கவனம் சிதறிய மனமும், பயிற்சியற்ற தசைகளும் அதை வீணாக்கிவிடலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது கால்களுக்கும் பொருந்தும்!

சுளுக்கிய பின்

சுளுக்கியதும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். கிழிந்த தசைநாரை அழுத்தி உருவினால் வீக்கம் அதிகமாகும். முதல் இரண்டு நாட்கள் ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், அளவான கட்டும், காலை உயர்த்தி வைப்பதுமே நல்லது. நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பையே அழுத்தும்போது வலித்தாலோ மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணலாகாது. தசைநாருக்குள்ளும் உணர்வு நரம்புகள் உள்ளன. சுளுக்கில் அவையும் பழுதுபடுவதால்தான் கால் மீண்டும் மீண்டும் பிறழ்கிறது என்று 1965-இல் ஃபிரீமன் என்ற ஆங்கில மருத்துவர் கருதினார். ஆடும் பலகைமீது நின்று சமநிலை பழகியவர்களுக்கு அத்தொல்லை குறைந்ததையும் கண்டார். சமநிலைப் பயிற்சி மறு சுளுக்கைக் குறைக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

பலகை இல்லாவிட்டால் கவலை வேண்டாம். வீக்கம் வடிந்தபின், சுவரருகில் ஒற்றைக்காலில் அரை நிமிடம் நில்லுங்கள். பழகியதும் கண்களை மூடி நின்று பாருங்கள். பிறகு சிறு குதிப்புகளைத் தொடங்கலாம். முழங்காலைச் சற்று மடக்கி, முடிந்தபோதெல்லாம் இரு கால்களாலும் ஓசையின்றி இறங்கப் பழகுங்கள். சில வாரங்களாவது இதை நாள்தோறும் செய்ய வேண்டும்.

அன்புள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளுக்கு ஒருமுறை கால் சுளுக்கியதும், "பெண் பிள்ளைக்கு இந்தக் குதியாட்டம் எதற்கு?" என்று விளையாட்டையே நிறுத்திவிடுகிறீர்கள். உட்கார்ந்தே இருக்கும் கால் இறங்கும் கலையை மறந்துவிடும். பின்பு பேருந்துப் படியில் இறங்கினாலும் அது பிறழக்கூடும். ஆறும்வரை ஓய்வு கொடுங்கள். ஆறியபின் பயிற்சி கொடுங்கள். பிறகு மைதானத்துக்கு அனுப்புங்கள்.

தோழியரே, உயர எழும்புங்கள்! இறங்கவும் கற்றுக்கொள்ளுங்கள்!