தீரா வலியும் மனப் பயிற்சியும்

திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள பொன்முடி மலை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால்தான் அதன் மேற்பகுதியை அடையலாம். வழியெல்லாம் தேயிலைச் சரிவுகள். தென்கேரளத்துத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் பல. கொழுந்து கிள்ளி, சுமை தாங்கி, சரிவில் ஏறி இறங்குவோர்க்கு முதுகும் முழங்காலும் நோவது வியப்பன்று. நாற்காலியில் அமர்ந்து மொழிபெயர்க்கும் என் போன்றோரையும் அந்நோவு விடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரொன்றில் பணியாற்றியபோது எனக்கு இடுப்பு வலி கண்டது. ஓராண்டு கழிந்தும் நீங்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், “எலும்பில் குறை ஒன்றுமில்லை, எல்லாம் உம் மனத்தில்தான் இருக்கிறது” என்று கூறி அனுப்பிவிட்டார். பொய் சொல்லிப் பிடிபட்டவனைப் போல நாணித் திரும்பினேன். அவர் கூறியதில் சிறிது உண்மையும் உண்டு; பெரும் பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

வலி நமக்குப் பகையன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். தொழுநோயாளரின் விரல்கள் தேய்வதற்குப் பெருங் காரணம், வலி உணர்ச்சி அற்றுப்போய், தீயும் முள்ளும் சுட்டதையும் குத்தியதையும் அவர்கள் அறியாமையே என்றார். வலி உடலுக்குக் காவற்காரன். ஆனால் திருடன் போனபின்னும் ஓயாது கூவுகின்ற காவற்காரனும் உண்டு. மூன்று திங்களுக்கு மேலும் நீடிப்பதை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பர். அவ்வகை வலி பலவற்றில், புண் ஆறியிருந்தாலும் நரம்பு மண்டலம் கூர்மை குறையாமல் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. உடலிலிருந்து வரும் வலிச் செய்தியை அது சில வேளை மிகுதியாகவும் சில வேளை குறைவாகவும் உள்ளே விடுகிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவை என்பது அதன் சாரம். பின்வந்த ஆய்வுகள் அதன் நுணுக்கங்களைத் திருத்தியபோதும், அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது. அச்சம், கவலை, தூக்கமின்மை ஆகியவை வலியை மிகுவிக்கும். அமைதியும் நம்பிக்கையும் அதனைத் தணிக்கும். ஆகவே வலியில் மனத்துக்குப் பங்கு உண்டு. அதனால் வலி கற்பனை ஆகிவிடாது.

‘குனிந்தால் முதுகு முறிந்துவிடும்’ என்று அஞ்சுகிறவர் படுத்தே கிடக்கிறார். கிடக்கக் கிடக்கத் தசை தளர்கிறது. தளர்ந்த தசை சிறு வேலைக்கும் நோகிறது. அச்சம் மேலும் வளர்கிறது. இச்சுழலை அறுப்பதே உளவியல் சிகிச்சையின் பணி. வழக்கமாக வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் இது நடைபெறும். அஞ்சும் எண்ணம் மெய்தானா என்று நோயாளி தாமே ஆராயப் பழகுகிறார். மூச்சைச் சீராக்கித் தசைகளைத் தளர்த்துகிறார். வலி வருமுன்பே ஓய்வெடுத்து, வேலையைச் சிறு கூறுகளாக்கிச் செய்கிறார். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே கடினமானது. உடம்பு நன்றாயிருக்கும் நாளில் ஒரு வாரத்து வேலையைச் செய்துவிட்டு, மறுநாள் முதல் படுக்கையில் விழுவதே நம்மவர் இயல்பு.

இதன் பயனை மிகைப்படுத்துதல் கூடாது. 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, 75 ஆய்வுகளை ஒப்பிட்டு, இதனால் வலியும் முடக்கமும் மனத்துயரும் சிறிதளவே குறைவதாகக் கண்டது. வலி முற்றும் நீங்குவது அரிது. ஆயினும் கோயிலுக்கு நடந்து போகவும், பேரக்குழந்தையைத் தூக்கவும் முடியுமாயின், அந்தச் சிறிதளவு சிறிதன்று.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, உளைச்சல் என வலியின் வகைக்கொரு சொல் இருக்கிறது. மருத்துவர்முன் நின்ற எனக்கோ ‘தர்த்’ என்னும் ஓர் இந்திச் சொல்லே வாய்க்கு வந்தது. கால் உளைச்சல் என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடல் நோவையும் உள்ளத்து நோவையும் நம் மொழி வேறாக்கவில்லை. எனவே வலி எவ்வகையது, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது என்று தமிழிலேயே நாடோறும் குறித்து வைத்துக்கொண்டு, அம்மாநில மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நலம்.

கேரளத்தில் இத்துறை நன்கு வளர்ந்துள்ளது. 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான மருத்துவர் எம். ஆர். ராஜகோபால், 2003இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வை நிறுவினார். 2008இல் மாநில அரசே இதற்கென ஒரு கொள்கையை வகுத்தது. மருந்தோடு நில்லாமல், நோயாளியின் மனத்துயரையும் குடும்பத்தின் வறுமையையும் கேட்டறிவது இவர்கள் வழி.

ஓர் எச்சரிக்கை. கால் மரத்துத் தளர்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை வலியோடு சேர்ந்து தோன்றினால் முதலில் மருத்துவமனைக்கே விரைய வேண்டும். உட்கொள்ளும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மனத்துயர் மிகுந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பழந்தமிழில் வலி என்னும் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரமே உண்டு. அண்மையில் பொன்முடிக்குச் சென்றபோது, மேற்பகுதியில் பேருந்தை விட்டிறங்கி, நூறு அடிக்கொரு முறை நின்று நின்று நடந்தேன். இடுப்பு வலித்தது, ஆயினும் காண வேண்டியதைக் கண்டு திரும்பினேன். தம் வலி இவ்வளவென்று அறிந்தவர்க்குத் தம் வலிமை எவ்வளவென்பதும் மெல்ல விளங்கும்.